மானே, சலா, ஃபிர்மினோ: ஒப்பந்தம் முடியப்போகும் நட்சத்திரத்தை விற்பதா, வைத்துக்கொள்வதா?

2022 கோடையில் இங்கிலாந்து கால்பந்து கிளப்பான லிவர்பூலின் முன்வரிசை வீரர்கள் மூவருக்கும் ஒப்பந்தம் ஒரே நேரத்தில், 2023 ஜூனில், முடியவிருந்தது. சாடியோ மானே, முகமது சலா, ராபர்ட்டோ ஃபிர்மினோ. மூவருக்கும் வயது 30. மானேயை விற்றார்கள். சலாவுக்குப் புது ஒப்பந்தம் போட்டார்கள். ஃபிர்மினோவைக் கடைசி நாள்வரை ஆடவிட்டு, பணம் எதுவும் வாங்காமல் வழியனுப்பினார்கள். ஒரே கிளப், ஒரே பயிற்சியாளர், ஒரே கோடை. மூன்று வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

ரசிகர்கள் பெரும்பாலும் தொகையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்: "இப்போது விற்காவிட்டால் சும்மா போய்விடுவாரே!" தொகை கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அவர் இடத்தில் ஆடப்போகிறவர் ஏற்கெனவே அணியில் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி.

கடைசி 12 மாதங்களில் விலை ஏன் சரிகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1995 டிசம்பர் 15 அன்று வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு ஐரோப்பாவில் பழைய கிளப் விலை கேட்க முடியாது. ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தத்தில் ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ மீதமிருந்தால் வீரர் வேறொரு கிளப்புடன் முன்கூட்டியே கையெழுத்திடலாம். ஆக, ஜூன் 30-இல் ஒப்பந்தம் முடியும் வீரரின் வீட்டு வாசலில் ஜனவரி 1 அன்றே வெளிநாட்டு கிளப்புகள் நிற்கும். வாங்குகிறவர் அதற்கு முந்தைய கோடையில் பேரம் பேசும்போது அவர் மனதில் ஓடும் கணக்கு ஒன்றுதான்: ஒரு பருவம் முன்னதாகக் கிடைப்பதற்கு எவ்வளவு தரலாம்? வீரரின் முழு மதிப்பு அந்தப் பேரத்தில் வருவதே இல்லை.

விற்பது: மானே

பயர்ன் மியூனிக் முதலில் அனுப்பிய இரண்டு விலைகளை லிவர்பூல் ஏற்கவில்லை. மூன்றாவதாக வந்தது €32 மில்லியன் உறுதித் தொகை, ஆடும் ஆட்டங்களைப் பொறுத்து €6 மில்லியன், தனிப்பட்ட மற்றும் அணி வெற்றிகளுக்காக €3 மில்லியன். மொத்தம் €41 மில்லியன் என்று செய்தியில் வந்தாலும், கையில் நிச்சயமாக வருவது முதல் எண் மட்டுமே. விற்கும் கிளப் கணக்குப் போட வேண்டியதும் அந்த எண்ணை வைத்துத்தான்.

கணக்குப் புத்தகத்தில் இது எப்படித் தெரியும்? வீரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுக்கு ஒரு பங்காகச் செலவு எழுதுவார்கள். 2016-இல் மானேயை சவுத்தாம்ப்டனிடமிருந்து சுமார் £34 மில்லியனுக்கு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். 2018 நவம்பரில் அது 2023 வரை நீண்டது. அப்போது எழுதாமல் இருந்த மீதி, கூடிய ஆண்டுகளிலும் பரவியது. அந்தக் கணக்கில் 2022 கோடையில் மிச்சம் ஏறத்தாழ £4 மில்லியன்தான் இருந்திருக்கும். உறுதித் தொகையான சுமார் £27 மில்லியனில் பெரும்பகுதி நேராக லாபக் கணக்கில் சேரும். நஷ்டத்துக்கு வரம்பு வைக்கும் நிதிவிதிகளின் காலத்தில் கிளப்புகளை விற்கத் தூண்டுவது இந்த லாபம்தான்.

இதிலிருந்து ஒரு கழிவும் உண்டு. ஒப்பந்தம் முடியும் முன் எல்லை தாண்டி விற்றால் தொகையில் 5 சதவீதம், வீரர் 12 வயது முதல் 23 வயதுவரை ஆடிய கிளப்புகளுக்குப் பிரிந்துபோகும். €32 மில்லியனில் அது €1.6 மில்லியன். மானே விஷயத்தில் செனகலின் ஜெனரேசியோன் ஃபுட், பிரான்சின் மெட்ஸ், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஆகியவை இந்தக் காலத்துக்குள் வருகின்றன. ஒப்பந்தம் முடிந்து இலவசமாகப் போனால் அந்தச் சிறு கிளப்புகளுக்கும் எதுவும் இல்லை. விற்பனைக்கு ஆதரவாக இதைப் பேசுகிறவர்கள் குறைவு. பேச வேண்டிய விஷயம் இது.

மானேயை விற்றது சரி என்றுதான் சொல்வேன். காரணம் €32 மில்லியன் இல்லை. ஐந்து மாதம் முன்பே, 2022 ஜனவரியில், லூயிஸ் டியாஸை போர்ட்டோவிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். இடது பக்கத்தில் அவர் ஏற்கெனவே தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். மானேயும் வெளியேற விரும்பினார். வாங்கியது ஜெர்மன் கிளப், அதாவது அவர் போடும் கோல்கள் லீக்கில் லிவர்பூலுக்கு எதிராக விழாது.

அப்படியிருந்தும் 2022-23 பருவம் மோசமாகப் போனது. முந்தைய பருவத்தில் 92 புள்ளி எடுத்த அணி 67 புள்ளியோடு ஐந்தாம் இடத்தில் நின்று சாம்பியன்ஸ் லீக் இடத்தை இழந்தது. அக்டோபரில் டியாஸுக்கு முழங்காலில் அடி, ஏப்ரலில்தான் திரும்பினார். அதே அக்டோபரில் இன்னொரு முன்வரிசை வீரர் டியோகோ ஜோட்டாவும் காயப்பட்டார். €75 மில்லியன் உறுதித் தொகைக்கு பென்ஃபிகாவிலிருந்து வந்த டார்வின் நூனியெஸ் லீக்கில் போட்டது 9 கோல். ஆறாண்டு ஒப்பந்தம் என்பதால் அவருக்காக ஆண்டுக்கு €12.5 மில்லியன் செலவு எழுத வேண்டும். மானேக்காக வந்த பணம் நூனியெஸ் விலையில் பாதியைக்கூடத் தொடவில்லை. விற்ற பணத்தில் அதே தரத்தில் இன்னொருவரை வாங்கிவிடலாம் என்ற கணக்கு இப்படித்தான் உடைகிறது. கடைசி ஆண்டுக்காரரைத் தள்ளுபடி விலைக்கு விற்றுவிட்டு, நீண்ட ஒப்பந்தக்காரரை முழு விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சரிவுக்கு நடுக்களத்தின் களைப்பு இன்னும் பெரிய காரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த கோடையில் மாக் அலிஸ்டர், சொபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க் என நால்வர் வந்தது அதனால்தான்.

மியூனிக்கில் மானேக்கு அமைந்தது ஒரே பருவம். 38 ஆட்டங்களில் 12 கோல், நடுவே காயம், அதனால் உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பும் போனது. 2023 ஆகஸ்டில் சவூதி கிளப் அல்-நாசருக்குப் போய்விட்டார். 30 வயதில் விற்றது சரியான நேரம் என்பதற்கு இதுவும் சான்று.

புதுப்பிப்பது: சலா

2022 ஜூலை 1-இல் சலா 2025 வரை கையெழுத்திட்டார். வாரத்துக்கு £350,000-க்கும் மேல் என்று அப்போது செய்தி வந்தது. அதை வைத்தால் ஆண்டுக்கு £18 மில்லியன், மூன்றாண்டுக்கு சுமார் £55 மில்லியன். பதிலுக்குக் கிடைத்த லீக் கோல்கள்: 19, 18, 29. அந்த மூன்றாவது பருவத்தில் 18 கோல்களுக்கு உதவியும் செய்து லீக் பட்டத்தை வென்று கொடுத்தார்.

நடுவே ஒரு சோதனை வந்தது. 2023 செப்டம்பர் 1-இல் சவூதி கிளப் அல்-இத்திஹாத் £150 மில்லியன்வரை தரத் தயார் என்ற செய்தி. இங்கிலாந்தில் வீரர்களை வாங்கும் காலக்கெடு முடிவதும் அன்றுதான். சவூதியில் அது இன்னும் சில நாள் திறந்திருந்தது. விற்றிருந்தால் பணம் வந்திருக்கும். ஜனவரிவரை மாற்று ஆள் வந்திருக்க மாட்டார். லிவர்பூல் மறுத்தது, சரியாகவே. அதே தொகை ஜூனில் வந்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கலாம்.

புதுப்பிப்பதன் ஆபத்து பின்னால்தான் வரும். 2025 ஏப்ரலில் மீண்டும் இரண்டாண்டு நீட்டித்தார்கள். அடுத்த பருவத்திலேயே, 33 வயதில், அவர் மாற்று வீரர் வரிசையில் உட்கார்ந்த ஆட்டங்கள் வந்தன. 30 தாண்டியவருக்கு முதல் நீட்டிப்பு கொடுத்த பலனை இரண்டாவதும் கொடுக்கும் என்று நினைக்கக் கூடாது.

முடியவிடுவது: ஃபிர்மினோ

அவர் விஷயம் எளிது. முதல் தேர்வாக இல்லாவிட்டாலும் அந்தக் கடைசிப் பருவத்தில் லீக்கில் 11 கோல் போட்டார். 2022 கோடையில் விற்றிருந்தால் சிறு தொகை வந்திருக்கும். டியாஸும் ஜோட்டாவும் காயத்தில் படுத்த மாதங்களில் முன்வரிசை காலியாகியிருக்கும். ஒப்பந்தம் முடியும்போது 31 வயது, சுருங்கிய சந்தை, நல்ல உறவு. இந்த மூன்றும் சேர்ந்தால் முடியவிடலாம். 25 வயதுக்காரருக்கு இது பொருந்தாது.

லெவாண்டோவ்ஸ்கியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2013-இல் ஓராண்டு மீதமிருந்தும் டார்ட்மண்ட் அவரை பயர்னுக்கு விற்க மறுத்தது. அந்தப் பருவத்தில் 20 கோலுடன் லீக்கிலேயே அதிக கோல் போட்டவர் ஆனார், அணி இரண்டாம் இடம் பிடித்தது, 2014 ஜனவரியில் பயர்னுடன் முன்கூட்டியே கையெழுத்திட்டுவிட்டு கோடையில் இலவசமாகப் போனார். அதுவரை பழுதில்லை. ஆனால் அவர் இடத்துக்கு வந்த இம்மொபிலே லீக்கில் போட்டது 3 கோல். டார்ட்மண்ட் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. போகும் நாள் ஆறு மாதம் முன்பே தெரிந்தும் சரியான மாற்று அமையவில்லை.

நேர் எதிரான தவறு வான் பெர்சி. 2012-இல் ஓராண்டு மீதமிருக்க, ஆர்சனல் அவரை £24 மில்லியனுக்கு மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு விற்றது. அவர் 26 லீக் கோல் போட்டு, 11 புள்ளி முன்னிலையில் யுனைட்டெட் பட்டம் வென்றது. அதே லீக்கின் போட்டியாளருக்கு விற்பதாக இருந்தால், அந்தப் போட்டியாளருக்குக் கூடும் புள்ளிகளுக்கும் சேர்த்து விலை வைக்க வேண்டும்.

எம்பாப்பே விவகாரத்தில் கற்க வேண்டியது ஒப்பந்த வாசகத்தை. 2021-இல் ரியல் மாட்ரிட் கொடுக்க வந்த பெருந்தொகையை அவருடைய பாரிஸ் கிளப் பிஎஸ்ஜி மறுத்தது. 2022-இல் 2024 வரை புதுப்பித்தது. மூன்றாவது ஆண்டும் உண்டு, ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீரர் கையில். 2023 ஜூனில் அது வேண்டாம் என்று கடிதம் வந்தது. அல்-ஹிலால் €300 மில்லியன் தர முன்வந்தது. வீரர் பேசவே மறுத்துவிட்டார். வீரர் சம்மதம் இல்லாமல் விற்பனை நடக்காது. 2024-இல் இலவசமாக மாட்ரிட் போனார். நீட்டிப்பு ஆண்டு இருந்தால் அதன் சாவி கிளப்பிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆண்டு இருப்பதாகவே கணக்கில் எடுக்கக் கூடாது.

ஆகவே நாட்காட்டி இப்படி அமைய வேண்டும். 24 மாதம் இருக்கும்போது புது ஒப்பந்தத்தை எழுத்தில் கொடுத்து, பதிலுக்கு நாள் குறிக்க வேண்டும். 18 மாதத்தில் பதில் இல்லையென்றால் மாற்று ஆளை வாங்க வேண்டும், விற்பதற்கு முன்பே. 12 மாதம் மீதமிருக்கும் ஜூனில் விற்பனை முடிய வேண்டும். ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளக் கூடாது. 2017-இல் ஆர்சனல் அலெக்சிஸ் சான்செஸை மான்செஸ்டர் சிட்டிக்கு விற்கும் பேச்சு, மாற்றாக மொனாக்கோ வீரர் லெமார் கிடைக்காததால், கடைசி நாளில் உடைந்தது. ஜனவரியில் ஆர்சனலுக்குக் கிடைத்தது, சான்செஸைக் கொடுத்து மான்செஸ்டர் யுனைட்டெட்டின் மிகிதாரியனை மாற்றிக்கொண்ட பண்டமாற்று. இங்கிலாந்துக்குள் 24 வயதுக்குக் கீழானவர் என்றால் மட்டும் ஒரு பாதுகாப்பு உண்டு: கிளப் புது ஒப்பந்தம் கொடுத்திருந்தால், அவர் வேறு இங்கிலாந்து கிளப்புக்குப் போனாலும் நடுவர் குழு இழப்பீடு நிர்ணயிக்கும். 2015-இல் டேனி இங்ஸுக்காக பர்ன்லிக்கு £6.5 மில்லியன் அப்படித்தான் வந்தது. வெளிநாடு போனால் அந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்லை.

அந்த 24 மாதக் கோட்டை லிவர்பூலே தவறவிட்டது. பின்வரிசை வீரர் அலெக்சாண்டர்-ஆர்னால்டின் ஒப்பந்தம் 2025 வரை. பேச வேண்டிய நேரம் 2023 கோடை. அப்போது விளையாட்டு இயக்குநர் ஜூலியன் வார்ட் விலகியிருந்தார், யோர்க் ஷ்மட்கே தற்காலிகமாக வந்திருந்தார். ரிச்சர்ட் ஹியூஸ் 2024 கோடையில் பொறுப்பேற்றபோது சலா, வான் டைக், அலெக்சாண்டர்-ஆர்னால்ட் மூவருக்கும் மீதி ஓராண்டே. முதல் இருவரும் 2025 ஏப்ரலில் கையெழுத்திட்டார்கள். லிவர்பூலின் அகாதமியிலேயே வளர்ந்த 26 வயது அலெக்சாண்டர்-ஆர்னால்ட் மட்டும் ரியல் மாட்ரிட் போனார். கிளப் உலகக் கோப்பையில் ஆட ஒரு மாதம் முன்னதாக விடுவித்ததற்காகக் கிடைத்த சுமார் €10 மில்லியன்தான் அவருக்காக வந்த முழுத் தொகை.