ரவுட்டரில் க்யூ.ஓ.எஸ்: இரண்டரை வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் வீட்டு இணைப்பு டவுன்லோடு 100 எம்.பி.பி.எஸ்., அப்லோடு 20. சாயங்காலமானால் மனைவியின் மீட்டிங்கில் படம் உறையும். மகன் "அப்பா, லேக் அடிக்குது" என்று கத்துவான். ஸ்பீடு டெஸ்ட்டோ 97 காட்டும். கஸ்டமர் கேரில் "லைன் கிளியரா இருக்கு சார்" என்பார்கள். ஒருநாள் பிங்கை (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது) ஓடவிட்டு உட்கார்ந்தேன். சும்மா இருக்கையில் 9 மில்லிசெகண்ட். மனைவியின் போன் போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கியதும் 380.

ரவுட்டரோடு வந்த மென்பொருளில் இருந்த க்யூ.ஓ.எஸ்ஸோடு (எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்று சொல்லும் வசதி) முதல் ஆறு மாதம் மல்லுக்கட்டினேன். இந்த போர்ட்டுக்கு முன்னுரிமை, அந்த லேப்டாப்புக்கு முன்னுரிமை என்று பதினாலு விதிகள். வீண்வேலை. இன்று பெரும்பாலான போக்குவரத்து 443 என்ற ஒரே போர்ட் வழியேதான் போகிறது; அதில் எது வீடியோ, எது பேக்கப் என்று போர்ட் எண்ணை வைத்து எப்படிப் பிரிப்பது? அதைவிடப் பெரிய தப்பு ஒன்று: அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட்டுகளின் வரிசை என் ரவுட்டரில் நிற்கவே இல்லை. அதற்கு அடுத்திருந்த மோடத்தின் பஃபரில் நின்றது. கூட்டம் ஓரிடத்தில், டோக்கன் கொடுக்கும் நான் வேறிடத்தில்.

பிறகு ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல மென்பொருளை ஏற்றி, வரிசையைச் சமாளிக்கும் எஸ்.க்யூ.எம். பொதியை நிறுவி, அதில் கேக்கைத் தேர்ந்தெடுத்தேன். (தின்கிற கேக் இல்லை, 2018-ல் லினக்ஸ் 4.19 கெர்னலோடு வந்த வரிசை மேலாண்மை முறை.) டவுன்லோடு 85, அப்லோடு 18 என்று வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்தேன். இப்போது நெரிசல் என் ரவுட்டரிலேயே உருவாகிறது. எந்த ஓட்டமும் மற்றதை அமுக்காமல் கேக் பங்கிட்டுவிடுகிறது. டவுன்லோடுக்கு முதலில் 95 வைத்திருந்தேன். இரவு எட்டு மணிக்கு லைனே 90-க்கு இறங்கும் நாட்களில் பழைய கதைதான், அதனால் 85.

'நாட்', 'டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட்' என்ற இரண்டு சொற்களை அப்லோடு பக்கத்து கூடுதல் விருப்பங்களில் சேர்த்தது நல்ல பலன் தந்தது. டவுன்லோடுக்கு 'நாட்', 'டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட்'. இணைப்புகளை எண்ணாமல் வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் பங்கு பிரிக்கச் சொல்பவை இவை. மகன் டொரண்டில் ஐம்பது இணைப்பு திறந்தாலும் அது ஒரு ஆளின் பங்குதான். அதே போட்டோ பேக்கப் ஓடும்போது இப்போது பிங் 16, 18. விதிகள் பதினாலையும் அழித்துவிட்டேன்.

தொல்லை இல்லாமல் இல்லை. ஹார்டுவேர் ஆஃப்லோடிங்கை (பாக்கெட் கடத்தும் வேலையை மென்பொருளிடமிருந்து சிப்பிடம் ஒப்படைக்கும் வசதி) அணைக்க மறந்து, எஸ்.க்யூ.எம். வேலையே செய்யவில்லை என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்; ஆஃப்லோடு இருந்தால் பாக்கெட்டுகள் கேக்கைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். போன வருஷம் ஃபர்ம்வேர் புதுப்பித்தபோது அமைப்புக் கோப்பு தங்கியது, எஸ்.க்யூ.எம். பொதி போய்விட்டது. ஒரு வாரம் கழித்து மகனின் கத்தலில்தான் தெரிந்தது. பின் அறையில் வைஃபை சிக்னல் மோசம். அதற்கு இதில் மருந்து இல்லை.

"நூறுக்குக் காசு கட்டிட்டு எண்பத்தஞ்சுதான் வருதாங்க?" என்று மனைவி இன்றும் கேட்கிறாள். 300 திட்டத்துக்கு மாறச் சொல்லி கேபிள்காரரும் விடுவதாயில்லை. என் ரவுட்டரின் பழைய சிப் அந்த வேகத்தில் கேக்கை ஓட்டித் தாங்காது. புது ரவுட்டர் வாங்கும்வரை 100-லேயே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.