ஒரே பல்லுக்கு 32,000 போனது, வேருக்குள் ஒடிந்த ஊசி மிச்சம்: ரூட் கெனால் செய்யப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னுக்குப்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பல்லுக்கு 32,000 கட்டி முடித்த பிறகு அதே பல்லைக் காட்டிக்கொண்டு வேறொரு மருத்துவர் முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறேன். நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, என்னென்ன கேட்க வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

பல கிளைகள், குளுகுளு அறை, சுவர் முழுக்கச் சிரிக்கிற முகங்கள் என்று இருக்கும் பல் மருத்துவமனை. பெயர் போட மாட்டேன், இந்த வகை என்று சொன்னாலே புரியும். மேல் கடவாய்ப்பல்லில் தூங்கவிடாத வலி என்று போனேன். மருத்துவர் அவசரமே படாமல் பேசினார். எக்ஸ்ரேயைப் பெரிய திரையில் போட்டு, சொத்தை எங்கே தொடங்கி நரம்பு வரைக்கும் எப்படி இறங்கியிருக்கிறது என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். "பிடுங்குறது ரெண்டு நிமிஷ வேலை சார். ஆனா சொந்தப் பல்லுக்கு ஈடு எதுவும் கிடையாது, காப்பாத்திடலாம்" என்றார். அது உண்மையான பேச்சுதான், எந்த நல்ல மருத்துவரும் அதைத்தான் சொல்வார். பிடுங்கித் தள்ளாமல் காப்பாற்றப் பார்க்கிறாரே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வெளியே வந்ததும் வரவேற்பில் இருந்த பெண் ரூட் கெனால் (பல் வேருக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து நிரப்புகிற வேர்ச் சிகிச்சை), அதற்கு மேல் மாட்டுகிற கேப் என்னும் உறை, எல்லா எக்ஸ்ரேயும் சேர்த்து ஒரே கட்டணம், முன்னாலேயே கட்டினால் தள்ளுபடி என்றார். 32,000 கட்டினேன். கூடவே நாலைந்து பக்கப் படிவத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு நாள் வேலை நடக்கும்போது மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. மருத்துவரும் உதவியாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார்கள். முதல் நாள் படத்தை அவ்வளவு ஆசையாகக் காட்டியவர், இந்தப் படம் வந்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மரத்துப்போன வாயோடு என்ன ஆச்சு என்று கேட்டேன். "வேர் கொஞ்சம் வளைஞ்சிருக்கு சார், வேற ஒண்ணுமில்ல." அடுத்த முறை போனபோது கேப் மாட்டிவிட்டார்கள்.

வேலை முடிந்த சில நாள் கடிக்கும்போது வலிப்பது எல்லோருக்கும் இருப்பதுதான், அதற்கு நான் குறை சொல்லவில்லை. எனக்கு வலி குறையவே இல்லை. வாரங்கள் போய்க்கொண்டே இருந்தன, ஈறில் பரு மாதிரி ஒன்று வந்து உடைந்து, மறுபடி வந்தது. அது சீழ் வெளியேறும் வழி என்று இப்போது தெரிகிறது. போய்க் காட்டினால், "நரம்பையே எடுத்தாச்சே சார், அந்தப் பல்லு எப்படி வலிக்கும்?" என்கிறார். அப்புறம் கேப் உயரமாக இருக்கிறது என்று தேய்த்துவிட்டார். அதற்கப்புறம் ஆன்டிபயாடிக். மாத்திரை சாப்பிடும் வரை அடங்கும், நிறுத்தினால் திரும்பும். கடைசியில் "இது சைனஸ், காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். சைனஸால் மேல் பற்கள் வலிப்பது உண்டுதான். ஆனால் மேல் கடவாய்ப்பல் வேரில் சீழ் பிடித்தால் அதிலிருந்தே சைனஸ் கெட்டுப்போவதும் உண்டு, அந்தப் பாதியை மட்டும் அவர் சொல்லவில்லை.

வேர்ச் சிகிச்சை மட்டுமே செய்கிற வேறொரு மருத்துவர் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். வளைந்த வேருக்குள் ஃபைல் ஒடிந்து கிடக்கிறது. ஃபைல் என்றால் வேருக்குள் நரம்பு ஓடுகிற கால்வாயைச் சுத்தம் செய்கிற மெல்லிய உலோக ஊசி. இது போதாதென்று, ஒரு கால்வாயைத் தொடவே இல்லை. மேல் முதல் கடவாய்ப்பல்லின் முன்பக்க வேரில் பெரும்பாலும் இரண்டு கால்வாய் இருக்குமாம், தேடித்தான் பிடிக்க வேண்டுமாம், தேடாமல் விட்டால் உள்ளே இருக்கும் கிருமி அங்கேயே குடியிருக்குமாம்.

இந்தப் புது மருத்துவர் பழையவரைத் திட்டவும் இல்லை. ஃபைல் ஒடிவது கைதேர்ந்தவர்களுக்கும் நடக்கும், அதிலும் வளைந்த வேரில் சுழன்று சுழன்று உலோகம் களைத்துப்போய் ஒடியும், சில சமயம் துண்டை உள்ளேயே விட்டு நிரப்பினாலும் பல் நன்றாகவே இருக்கும் என்றார். "ஆனா அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், உங்க சிகிச்சைக் குறிப்புல எழுதியிருக்கணும்" என்றார். எனக்கு வயிறு எரிவதும் அதற்குத்தான். ஒடிந்தது விபத்து, சரி. அதை மூடி மறைத்து மேலே கேப் மாட்டி 32,000-ஐயும் முழுசாக வைத்துக்கொண்டு என்னை மூக்கு டாக்டரிடம் விரட்டியதற்கு என்ன பெயர்?

ஸ்கேனை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போனேன். அந்த மருத்துவர் வேறு கிளைக்கு மாறிவிட்டாராம். நடுவில் எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டால் சாஃப்ட்வேர் மாற்றியதில் பழைய படங்கள் போய்விட்டதாம், முதல் நாள் படம் மட்டும் பத்திரமாக இருக்கிறதாம்! மேலாளர் என்று வந்தவர் படிவத்தை எடுத்து நீட்டினார். 'சிக்கல்கள் அனைத்தும் எனக்கு விளக்கப்பட்டன' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து. வரலாம் என்று முன்னால் சொல்வதும், வந்துவிட்டது என்று பின்னால் சொல்வதும் ஒன்றா என்று கேட்டேன், பதில் இல்லை. பணம் திருப்பித் தர மாட்டார்களாம். வேண்டுமானால் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல்) வைக்கத் தள்ளுபடி தருவார்களாம். சொந்தப் பல்லுக்கு ஈடில்லை என்று சொல்லி 32,000 வாங்கிய அதே இடம்.

இப்போது கேப்பை வெட்டி எடுத்து மைக்ரோஸ்கோப் வைத்து மறுபடி வேலை நடக்கிறது. பல் தங்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர். இதற்குத் தனியாகப் பணம்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், தாடை வலியில் முடியவில்லை, தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். எடுக்கிற ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் அன்றன்றே உங்கள் போனுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், முக்கியமாகக் கடைசிப் படம். நிரப்புகிற பொருளும் ஒடிந்த ஊசியும் படத்தில் வெள்ளையாகத்தான் தெரியும், நம் கண்ணுக்குப் பிடிபடாது, வேறொரு மருத்துவரிடம் காட்ட அந்தப் படம் வேண்டும். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள். வாயில் ரப்பர் டேம், அதாவது வேலை செய்கிற பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றதை மறைக்கிற ரப்பர் விரிப்பு, போடுவார்களா என்று கேளுங்கள், எச்சில் உள்ளே போகாது, கருவி தொண்டைக்குள் விழாது. மரத்துப்போகப் போடுகிற ஊசியின் மரப்பு விட்டிருக்க வேண்டிய நேரம் தாண்டியும் உதடோ தாடையோ மரத்தே கிடந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். முகம் வீங்கிக் காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால் பல் கிளினிக் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பல் மருத்துவர்களைப் பதிவு செய்கிற கவுன்சிலுக்கு ஸ்கேன், ரசீது எல்லாம் இணைத்துப் புகார் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் கீழே போடுகிறேன்.