ஷேப் மென்பொருளோடு சில வருடங்கள்: ரேடார் எதிரொலியிலிருந்து சிறுகோளின் வடிவம்

ரேடார் தரவை வைத்துச் சிறுகோள்களின் வடிவத்தைக் கணக்கிட நினைப்பவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் 'ஷேப்' என்ற மென்பொருள். 1990களின் தொடக்கத்தில் ஸ்காட் ஹட்சன் எழுதியது. பிற்பாடு கிறிஸ் மாக்ரி அதை நிறைய விரிவுபடுத்தினார். சி மொழி. கிளிக் செய்ய பட்டன் எதுவும் கிடையாது. சில வருடங்களாக இதோடு குடும்பம் நடத்திய பிறகு என் அபிப்பிராயம் இதுதான்: கருவி அருமையானது. ஆனால் அது தரும் வடிவத்தில் தரவு சொன்னது எது, நாம் சொல்ல வைத்தது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகாதவரை அதன் முடிவை நம்பிவிடக் கூடாது.

முதலில் தரவு. தாமதம்–டாப்ளர் படத்தைப் பார்த்தால் போட்டோ மாதிரியே இருக்கும். போட்டோ இல்லை. செங்குத்து அச்சில் இருப்பது தூரம், அதாவது எதிரொலி எவ்வளவு தாமதமாகத் திரும்பியது என்பது. கிடை அச்சில் இருப்பது வேகம்: சுழற்சியால் நம்மை நோக்கி வரும் பக்கமும் விலகிப் போகும் பக்கமும் அதிர்வெண்ணை எவ்வளவு மாற்றின என்பது. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடாரின் மிக நுண்ணிய அமைப்பில் தூரத்தின் ஒரு பிக்சல் 7.5 மீட்டர், கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ரேடாரில் 3.75 மீட்டர் வரை போகலாம். தொலைநோக்கிக்கு வெறும் ஒளிப்புள்ளியாகத் தெரியும் ஒரு பொருளில் இந்த அளவு விவரம் கிடைப்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

அதற்குக் கொடுக்கும் விலை வேறு. சிறுகோளின் நடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு புள்ளியும் தெற்கே ஒரு புள்ளியும் ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் இருந்தால் இரண்டின் எதிரொலியும் ஒரே பிக்சலில் போய் விழும். ஒரு பள்ளம் எந்தப் பாதியில் இருக்கிறது என்பதை ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. சிறுகோள் வானத்தில் நகர நகர நாம் பார்க்கும் கோணம் மாறும். அப்போதுதான் இந்த முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாக அவிழும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. எதிரொலியின் அகலம் விட்டத்தைப் பொறுத்தது, சுழலும் வேகத்தைப் பொறுத்தது, துருவம் (சுழற்சி அச்சின் முனை) நம் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. பென்னு என்ற சிறுகோளையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 490 மீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4.3 மணி நேரம். நடுக்கோட்டை நேராகப் பார்த்தால் அரெசிபோவின் 12.6 சென்டிமீட்டர் அலையில் அகலம் 3 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். 2380 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிய அலையில் 3 ஹெர்ட்ஸ் விரிவு! ஆனால் அதே அகலத்தை, துருவம் நம் பக்கம் சாய்ந்த பெரிய பொருளும் தரும். ஆக, அளவும் துருவமும் ஒன்றை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஷேப்பிடம் மூன்று கோப்புகளைக் கொடுக்க வேண்டும்: எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு ஒன்று, தொடக்க மாடலுக்கு ஒன்று, அவதானிப்புகளுக்கு ஒன்று. மாடல் கோப்பில் ஒவ்வொரு எண்ணுக்கு முன்பும் ஓர் எழுத்து இருக்கும். 'எஃப்' என்றால் அந்த எண்ணை மாற்றலாம். 'சி' என்றால் தொடக் கூடாது. முதலில் நீள்கோளமாகத் தொடங்கி, அப்புறம் மேடுபள்ளங்களை அலைகளின் கூட்டலாக எழுதும் கோள ஹார்மோனிக் வரிசைக்குப் போய், கடைசியில் நூற்றுக்கணக்கான முக்கோணங்களால் ஆன மாடலுக்கு வருவதுதான் வழக்கமான பாதை. 2013இல் மைக்கேல் நோலன் குழு வெளியிட்ட பென்னு மாடலில் 1148 முனைகள் (முக்கோணங்களின் மூலைகள்).

மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணைத்தான் அசைக்கும். அதைச் சரிசெய்துவிட்டு அடுத்ததற்குப் போகும். முனைகள் தனித்தனியாக இருக்கும் கட்டத்தில் இது பாதகமில்லை. ஆனால் அளவும் துருவமும் மாதிரி பிணைந்து கிடப்பவற்றை ஒன்றாகத் தேட விட்டால் ஆமை வேகம்தான். தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஏதாவது ஓர் அரைகுறைத் தீர்வில் சிக்கி நின்றும்விடும். அதனால் துருவத்தின் திசையை வானம் முழுக்கக் கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் நிலையாக வைத்து, மற்றவற்றை மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். கணினி நாள்கணக்கில் ஓடும். இதைத் தவிர்க்கும் குறுக்குவழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் அதிகம் மல்லுக்கட்டியது பெனால்டி எடைகளோடுதான். தரவை மட்டும் பொருத்தச் சொன்னால், இரைச்சலையும் மலையாகவும் முள்ளாகவும் மாற்றி மென்பொருள் ஒரு பலாப்பழத்தைக் கொடுக்கும். அதைத் தடுக்கத்தான் பெனால்டி, அதாவது நம்ப முடியாத வடிவத்துக்குப் போடும் அபராதம். சொரசொரப்புக்கு ஒன்று, குழிவுக்கு ஒன்று, நிறைமையம் மூலப்புள்ளியை விட்டு விலகினால் ஒன்று, சுழற்சி அச்சு நிலைமத் திருப்புத்திறனின் முதன்மை அச்சோடு (பொருள் தள்ளாடாமல் சுழலக்கூடிய அச்சோடு) ஒத்துப்போகாவிட்டால் ஒன்று. கடைசி இரண்டும் உள்ளே அடர்த்தி எங்கும் ஒரே மாதிரி என்ற ஊகத்தின் மேல் நிற்பவை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். குழிவுக்கான எடையைக் கூட்டினால் பள்ளங்கள் தூர்ந்துவிடும். குறைத்தால் இல்லாத பள்ளங்கள் முளைக்கும்.

மாடல் தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் கை-வர்க்க மதிப்பைப் பார்த்து முடிவெடுக்கலாமே என்று கேட்கலாம். படத்தில் பெரும்பாலான பிக்சல்கள் வெற்று வானம். எதிரொலி உள்ளவை கொஞ்சம்தான். அதனால் நல்ல மாடலுக்கும் சுமாரான மாடலுக்கும் அந்த மதிப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது. எதிரொலியைச் சுற்றி மட்டும் முகமூடி போட்டுக் கணக்கிட்டால் கொஞ்சம் தேவலை. கடைசியில் அசல் படத்தையும் மாடலிலிருந்து உருவாக்கிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால்தான் பார்க்கிறோம். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழகிய கண் பிடிக்கும் தவறுகளை அந்த ஒற்றை எண் பிடிப்பதே இல்லை. ஆனால் எடைகளை மாற்றி மாற்றி ஓட்டி, எல்லாவற்றிலும் தொடர்ந்து வரும் அம்சத்தை மட்டுமே நம்புகிறேன். ஒரே ஓட்டத்தில் மட்டும் தலைகாட்டும் பள்ளத்தைக் கட்டுரையில் சேர்ப்பதில்லை.

இந்த முறை எவ்வளவு நம்பகமானது என்பதை விண்கலங்களே சோதித்துச் சொல்லியிருக்கின்றன. பென்னுவுக்கு 1999, 2005 ரேடார் தரவிலிருந்து கிடைத்த சராசரி விட்டம் 492 மீட்டர். நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2018 டிசம்பரில் போய்ச் சேர்ந்து அளந்தபோது 490. நடுக்கோட்டு மேடும் சொன்னபடியே இருந்தது. அதே ரேடார் படங்களில் 10 முதல் 20 மீட்டர் அளவில் பாறை ஒன்றே ஒன்றுதான் தெரிந்திருந்தது. நேரில் போனால் தரை முழுக்கப் பாறை. டூட்டாட்டிஸ் என்ற சிறுகோளும் நல்ல உதாரணம். அது தள்ளாடியபடி சுழல்வதால் ரேடாருக்குப் பல பக்கங்களையும் காட்டிவிட்டது. 2012இல் சீனாவின் சாங்'ஈ-2 விண்கலம் எடுத்த படங்கள், ரேடார் மாடல் சொன்ன அந்த இரட்டை மடல் உருவத்தையே பெருமளவு உறுதிப்படுத்தின.

டிடிமோஸ் என்ற சிறுகோளின் கதை வேறு. 2003 ரேடார் தரவிலிருந்து வந்த மாடலில் சுழற்சி அச்சுத் திசையில் நீளம் ஏறக்குறைய 790 மீட்டர். 2022 செப்டம்பரில் டார்ட் விண்கலத்தின் படங்களிலிருந்து கிடைத்தது சுமார் 620. நடுக்கோட்டு அளவுகளோ கிட்டத்தட்ட ஒத்துப்போயின. காரணம் வடிவியலிலேயே இருக்கிறது. நடுக்கோட்டை நேராகப் பார்க்கும்போது அச்சுத் திசை நம் பார்வைக்கோட்டுக்கும் செங்குத்து, டாப்ளர் திசைக்கும் செங்குத்து. அந்த நீளம் தூரத்திலும் நேரடியாகப் பதியாது, வேகத்திலும் பதியாது. இதில் மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனால் இப்போதெல்லாம் மூன்றாவது அச்சுக்கு (சுழற்சி அச்சுத் திசை நீளத்துக்கு) மட்டும் பிழை எல்லையைத் தாராளமாகவே போடுகிறேன். சிறுகோளின் பிரகாசம் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் ஒளிமாற்ற வரைவுகள் கிடைத்தால் அவற்றையும் சேர்த்துப் பொருத்துகிறேன். ஷேப் இரண்டையும் ஒன்றாக ஏற்கும். வேறொரு கோணத்திலிருந்து வந்த ஒரு வரைவுகூடத் துருவத்தை நன்றாக இறுக்கிப் பிடிக்கும்.

தரவுப் பஞ்சத்தையும் சொல்ல வேண்டும். எதிரொலியின் வலிமை தூரத்தின் நான்காம் படியில் விழும்; தூரம் இரட்டித்தால் பதினாறில் ஒரு பங்கு. 305 மீட்டர் விட்டம் கொண்ட அரெசிபோ 2020 டிசம்பர் 1 அன்று இடிந்த பிறகு, கோல்ட்ஸ்டோனின் 70 மீட்டர் ஆண்டெனாவுக்கு எட்டும் தூரத்தில் வந்தவைதான் நல்ல படங்களைத் தந்தன. 2029 ஏப்ரல் 13 அன்று அபோஃபிஸ் என்ற சிறுகோள் பூமியிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கும்போது அந்தக் கவலை இருக்காது.

வெளியான மாடல்களைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. கட்டுரைப் படங்களில் சில முக்கோணங்கள் மஞ்சளாக இருக்கும். ரேடார் பார்க்காத, அல்லது மிகச் சாய்வாக மட்டுமே பார்த்த பகுதிகள் அவை. அங்கே தெரியும் வடிவம் பெரும்பாலும் பெனால்டி எடைகள் வரைந்தது. அதே மாடலைத் தரவுக் களஞ்சியத்திலிருந்து ஓபிஜே என்ற முப்பரிமாண வடிவக் கோப்பாக இறக்கினால் முனைகளும் முக்கோணங்களும் வரும், மஞ்சள் வராது. ஆகவே கணக்கில் சேர்க்கும் முன் கட்டுரையைத் திறந்து அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.