"எறும்பு கடிக்கிற மாதிரிதான் சார்": சென்னையில் முடி நட்டுக்கொண்ட கதை

சென்னையில் முடி நட்டுக்கொண்டு டொராண்டோ திரும்பியாயிற்று. எவ்வளவு ஆச்சு, எத்தனை கிராஃப்ட் (எடுத்து நடுகிற முடிக்கற்றை) என்று கேட்பவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்கிறேன். இங்கே எழுத வந்தது அதற்கு முன்னால் தலையை மரக்க வைக்கப் போடுகிற ஊசியைப் பற்றி.

"எறும்பு கடிக்கிற மாதிரிதான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் பின்னந்தலையில் முதல் குத்து விழுந்தது. பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்க வைத்துத் தடுப்பூசி போட்ட காலத்திலிருந்தே இந்த எறும்பை நமக்கெல்லாம் தெரியும். அப்போது ஒரு குத்தோடு சரி, கையைத் தேய்த்துக்கொண்டு வகுப்புக்கு ஓடிவிடலாம். இது ஒரு காதிலிருந்து மறு காது வரை வரிசையாக, அதுவும் படுக்கையில் இருக்கிற ஓட்டைக்குள் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்திருக்கும்போது, அடுத்தது எப்போது எங்கே இறங்கும் என்றே தெரியாமல். குத்துவதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மருந்து உள்ளே போகும்போது ஒரு எரிச்சல் பாருங்கள், அதுதான் உயிர் போகிறது. "முடிஞ்சுது சார், முடிஞ்சுது" என்று ஊசி போட்ட பையன் சொல்லிக்கொண்டே இருந்தான். முடியவே இல்லை.

டொராண்டோ ஸ்கார்பரோவில் என் பல் டாக்டர் ஊசிக்கு முன்னால் ஈறில் மரப்பு ஜெல் தடவுவார், இப்போது குத்தும், இப்போது கொஞ்ச நேரம் எரியும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார், தாங்க முடியாவிட்டால் இடது கையைத் தூக்கு, நிறுத்திவிடுகிறேன் என்பார். (அதற்கும் சேர்த்துத்தான் பில் போடுகிறார், அது வேறு விஷயம்.) அந்தப் பழக்கத்தில் சென்னையிலும் கையைத் தூக்கினேன். "கைய ஆட்டாதீங்க சார்" என்றார்கள்.

இத்தனைக்கும் இதைக் குறைக்க வழி இருக்கிறது. போடுவது லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து, கூடவே அட்ரினலின், ரத்தம் அதிகம் கசியாமலும் மரப்பு சீக்கிரம் விடாமலும் இருக்க. அந்தக் கலவைக்கு அமிலத்தன்மை அதிகம், எரிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் கலந்தால், மருந்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால், அவசரப்படாமல் மெதுவாகச் செலுத்தினால் எரிச்சல் நன்றாகவே குறையும். பெரிய செலவும் கிடையாது. வரவேற்பறையில் பளிங்குத் தரையும் கேப்புச்சினோ மெஷினும் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா என்ன?

மரத்த பிறகு வலியே இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய் முனையால் முடிக்கற்றைகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கிறார்கள், ஏதோ சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். கழுத்துதான் பிடித்துக்கொண்டது. மதியம் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். டொராண்டோவில் எந்த ஆஸ்பத்திரியிலும் இது கிடைக்காது, சத்தியமாக.

சாப்பிட்ட பிறகு, எடுத்ததை நடப்போகிற முன்பக்கத்துக்கு ஊசி. நெற்றிதான் இன்னும் மோசம் என்று படித்திருந்ததால் கை சில்லிட்டுப் போயிருந்தது. இந்தத் தடவை வந்தது வயதான ஒரு சிஸ்டர். "தம்பி, இது வலிக்கும்ப்பா. புருவத்துக்கு மேல ரெண்டு பக்கமும் நரம்புகிட்ட போடுவோம், அதுதான் கஷ்டம். அது புடிச்சுக்கிச்சுன்னா மத்தது அவ்வளவா தெரியாது. எப்ப நிறுத்தணும்னாலும் சொல்லு" என்றார். அதிர்கிற ஒரு சின்னக் கருவியை நெற்றியில் ஊசி இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் "இப்போ" என்றார். வலித்தது. ஆனால் காலையில் பட்டதில் பாதிகூட இல்லை. அடிபட்ட இடத்தை அம்மா பரபரவென்று தேய்த்துவிடுவார்களே, அதே சங்கதிதான். தொடுதலும் அதிர்வும் போகிற நரம்புகள் வலிக்கு வாசலை அடைத்துவிடுகின்றன என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965-லேயே எழுதிவிட்டார்கள். அந்தக் கருவி காலையிலும் அதே அறையில் மேசைமேல் கிடந்தது என்பதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் அம்மாவுக்கு பயம். 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் முடி நட்டுக்கொண்ட பின் இறந்துபோன செய்தியை அவர் மறக்கவில்லை. அதனால் ராத்திரி எழுந்து எழுந்து வந்து பார்த்தார். தலையை உயர்த்தி 45 டிகிரியில் சாய்ந்து தூங்க வேண்டும் என்றதும் பரணிலிருந்து தாத்தாவின் ஈஸி சேரை இறக்கினார்கள். டொராண்டோவில் என் ரிக்ளைனர் சோபா கூட இவ்வளவு சுகமாக இருந்ததில்லை. ஆனால் குரோம்பேட்டை கொசுவை என்ன செய்வது? நட்ட தலையில் களிம்பு தடவக் கூடாது, அடிக்கக் கூடாது, மரத்துப் போயிருப்பதால் கடிப்பதும் தெரியாது. நாற்காலியைச் சுற்றிக் கொசுவலை கட்டி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முன்பக்கம் வலி இல்லை. எடுத்த இடம், பின்னந்தலைதான், தலையணை பட்டாலே காந்தியது. பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கி, கண்ணாடியில் வேறு யாரோ நின்றார்கள். உள்ளே ஏற்றிய திரவம் கீழே இறங்குவதால் வருவது, சில நாளில் தானாக வடிந்துவிடும். இதையும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, கொடுத்த தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பார்க்க வந்த மாமா, "திருப்பதியா, பழனியா?" என்றார்.

ஊருக்குப் போகும்போது செய்துகொள்ள நினைப்பவர்கள், பொருக்கு உதிர ஏறக்குறைய பத்து நாள் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்து டிக்கெட் போடுங்கள். நட்ட முடியும் முதலில் கொட்டும், மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் முளைக்கும், பதறாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் யூடியூப் பார்ப்பதெல்லாம் பயிற்சி ஆகாது என்றே சொல்கிறது, ஆகவே டாக்டர் யார், என்ன படித்தவர், நாள் முழுக்க அங்கேயே இருப்பாரா என்று கேளுங்கள். முக்கியமாக, பின்னந்தலைக்கு ஊசி போடப்போவது யார், அந்த அதிர்வுக் கருவியை அதற்கும் எடுப்பார்களா என்று அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.