கொழும்பில பிஎம்எஸ் போட்டுத் தந்த கம்பனி: பிளானிங்ல இருந்து கொமிஷனிங் வரைக்கும்

பிஎம்எஸ், அதாவது ஏசி, பம்ப், ஃபேன் எல்லாத்தையும் ஒரு கம்பியூட்டர்ல இருந்து பாத்து ஓட்டிற பில்டிங் கொன்ட்ரோல் சிஸ்டம் போட ஆரைப் பிடிக்கலாம் எண்டு கேக்கிற ஆக்கள் இப்ப கூடிட்டினம், கரண்ட் பில் அப்பிடி. நான் கொள்ளுப்பிட்டிப் பக்கம், காலி வீதியில இருந்து கடல் பக்கமா இறங்கிற ஒரு ஒஃபிஸ் பில்டிங்கின்ர மெயின்டனன்ஸ் பாக்கிறன். பழைய பில்டிங், சென்ட்ரல் ஏசி, தண்ணியைக் குளிராக்கிற சில்லர், ஒவ்வொரு மாடிக்கும் அந்தக் குளிர் தண்ணியால காத்தைக் குளிராக்கி ஊதிற ஏஎச்யூ. முழுசா ரிஃபேர்பிஷ் பண்ணேக்க பிஎம்எஸ் புதுசா போட்டம். செய்த கம்பனின்ர பேர் இதில போடேல்லை, ஏனெண்டா குறையும் எழுதப் போறன். ஆனா என்ன செய்தவை, எப்பிடிச் செய்தவை எண்டு விவரமா சொல்றன், நீங்க உங்கட கொன்ட்ராக்டரிட்ட அதையே கேட்டு வாங்கலாம்.

முதல்லயே சொல்லிடுறன், பிளானிங்கும் கொமிஷனிங்கும் (பூட்டின பிறகு எல்லாத்தையும் ஓட்டிச் சரிபாக்கிறது) மிகத் திறம், கேபிள் வேலை சுமார், கையளிச்ச விதம் சரியில்லை. 5க்கு 4 குடுப்பன்.

எல்லாரும் முதல் கேக்கிறது என்ன பிராண்ட் எண்டுதான். ஹனிவெல், சீமென்ஸ், ஷ்னைடர், ஜோன்சன் கொன்ட்ரோல்ஸ் எண்டு எதைப் போட்டாலும் அந்தப் பெட்டி தன்ர வேலையைச் செய்யும். அதுக்குள்ள புரோகிராம் எழுதிற பெடியள் உங்கட பில்டிங்கை விளங்கிக்கொண்டு எழுதினவங்களா எண்டதில தான் விசயமே இருக்கு. டெண்டருக்கு வந்த மற்றக் கம்பனிகள் எல்லாம் கலர் கலரா ஸ்க்ரீன் காட்டினவை, ஃபேன் சுத்துது, பைப்பில தண்ணி ஓடுது, பாக்க வடிவு. எங்களுக்குச் செய்த கம்பனி மட்டும் ஸ்க்ரீன் காட்டாம பொயின்ட் லிஸ்ட், அதாவது எந்த மெஷினில எதை அளக்கிறது, எதைக் கொன்ட்ரோல் பண்ணிறது எண்ட பட்டியல், கேட்டவை. எங்களிட்ட இல்லை எண்டதும் தாங்களே ஆக்களை அனுப்பி மொட்டை மாடியில இருந்து பேஸ்மன்ட் வரைக்கும் ஒவ்வொரு பனலாத் திறந்து பாத்து எழுதினவை. எந்த மோட்டருக்கு விஎஃப்டி (ஸ்பீடைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி) இருக்கு, எதுக்குப் போட்டு நிப்பாட்டிற ஸ்டார்டர் மட்டும் இருக்கு, சில்லர்ல டேட்டா எடுக்கிற மொட்பஸ் போர்ட் இருக்கா, ஜெனரேட்டர் பனல்ல இருந்து என்ன சிக்னல் எடுக்கலாம், தண்ணி டாங்கில லெவல் சுவிட்ச் வேலை செய்யுதா, இப்பிடி எல்லாம்.

இந்த லிஸ்ட் இல்லாம விலை ஒப்பிடவே ஏலாது. ஒரு கம்பனி மலிவாப் போட்டிருந்தது, ஏனெண்டு பாத்தா ஏஎச்யூ ஒவ்வொண்டுக்கும் ஒன் ஓஃப், ரன் ஸ்டேட்டஸ் (ஓடுதா எண்டது), ட்ரிப் (பழுதில நிண்டதா எண்டது) அவ்வளவுதான். சப்ளை எயார் டெம்பரேச்சர் இல்லை, ஃபில்டர் அடைச்சா காட்டிற பிரஷர் சுவிட்ச் இல்லை, குளிர் தண்ணி வால்வுக்கு கொன்ட்ரோல் கூட இல்லை. அப்பிடிப் போட்டா அது வெறும் ரிமோட் சுவிட்ச், பிஎம்எஸ் எண்டு பில் மட்டும் வரும்.

அதுக்குப் பிறகு சீக்வென்ஸ் ஒஃப் ஒப்பரேஷன் எண்டு ஒரு டொக்கியுமென்ட், எந்த மெஷின் எப்ப ஓடும் எப்ப நிக்கும் எண்டு வசனமா எழுதினது. எனக்கு இதில தான் இவையில நம்பிக்கை வந்தது. வழமையா குளிர் நாட்டுக்கு எழுதின டெம்ப்ளேட்டை அப்பிடியே எடுத்து ஒட்டுவினம், அதில வெளிக்காத்து குளிரா இருந்தா டேம்பரை (காத்து வாற வழியில இருக்கிற தட்டுக் கதவு) முழுக்கத் திறந்து சும்மா கூலிங் எடு எண்டு ஒரு லொஜிக் இருக்கும். கொழும்பில சராசரியே 27, 28 டிகிரி, வருசம் முழுக்க ஈரம், இங்க அந்த டேம்பரைத் திறந்தா உள்ளுக்கு வாறது ஈரமும் பூஞ்சணமும்தான். இவை அந்தப் பகுதியை வெட்டிட்டு, கார்பன் டைஒக்சைட் அளவைப் பாத்து ஆக்கள் இருக்கிற அளவுக்கு மட்டும் வெளிக்காத்து விடுற மாதிரி எழுதினவை. திங்கக்கிழமை காலமை ஏசி போடேக்க முதல் கொஞ்ச நேரம் வெளி டேம்பர் மூடியே இருக்கும், உள்ளுக்கு இருக்கிற ஈரத்தை இழுத்து முடிச்ச பிறகுதான் திறக்கும். சனி ஞாயிறு பூட்டிக்கிடக்கிற ஒஃபிஸ் எப்பிடி மணக்கும் எண்டு கொழும்பில வேலை செய்யிற ஆக்களுக்குத் தெரியும். இதை எழுதின இஞ்சினியர் பிள்ளை வயசில சின்னன், ஆனா எங்கட டெக்னீஷியன்மாரோட இருந்து ஒவ்வொரு வரியா சிங்களத்திலயும் தமிழிலயும் வாசிச்சு, இது சரியா அண்ணா, நீங்க இப்ப கையால என்ன செய்யிறனீங்க எண்டு கேட்டுக் கேட்டு மாத்தினவ.

இன்னொரு நல்ல விசயம், எல்லாம் பேக்நெட்ல, அதாவது வேற வேற பிராண்ட் கொன்ட்ரோலர் ஒண்டோட ஒண்டு கதைக்கிற பொதுப் பாசையில, இருக்கோணும் எண்டு அவையே சொன்னவை. ஆஷ்ரே எண்ட அமெரிக்க ஏசி இஞ்சினியர்மார் சங்கம் 1995ல வெளியிட்ட ஓபன் ஸ்டாண்டர்ட், அதால நாளைக்கு இந்தக் கம்பனி இல்லாட்டியும் வேற பிராண்ட் கொன்ட்ரோலரை அதே நெட்வேர்க்கில சேக்கலாம். தங்கட கம்பனியிலயே கட்டிப்போடுற மாதிரி மூடின சிஸ்டம் விக்கிறவை நிறைய இருக்கேக்க இது பெரிய விசயம்.

சாமான் வந்து சேர கொஞ்சம் இழுத்தது. 2022ல டொலர் இல்லாம எல்சி (இம்போர்ட்டுக்கு பாங்க் குடுக்கிற உத்தரவாதக் கடிதம்) திறக்க ஏலாமல் எல்லாரும் பட்ட பாடு தெரியும்தானே, அதில இருந்து எனக்கு இம்போர்ட் எண்டாலே பயம். இவை சப்மிட்டல் (என்ன சாமான் போடப் போகினம் எண்டு தாற விவரம்) எல்லாம் அப்ரூவ் ஆகி, கையெழுத்து வைச்ச பிறகுதான் ஓர்டர் போட்டவை, அது சரியான முறை. எப்ப வரும் எண்டதையும் கிழமைக்கு கிழமை சொல்லிக்கொண்டு இருந்தவை.

இப்ப குறைக்கு வாறன். கேபிள் இழுக்கிறதை சப் கொன்ட்ராக்ட் குடுத்திட்டினம். வந்த பாஸ்மார் வீட்டு வயரிங்ல கெட்டிக்காரரா இருக்கலாம், கொன்ட்ரோல் கேபிளில பழக்கம் இல்லை. கொன்ட்ரோலர்களைச் சேக்கிற டேட்டா கேபிள், ஆர்எஸ் 485 லைன், ஒண்டில இருந்து மற்றதுக்கு, அதில இருந்து அடுத்ததுக்கு எண்டு சங்கிலி மாதிரி ஒரே ஓட்டமாப் போகோணும், இரண்டு அந்தத்திலயும் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர், ஷீல்ட் (கேபிளுக்கு மேல சுத்தியிருக்கிற உலோக உறை) ஒரு இடத்தில மட்டும் எர்த். அந்த பாஸ்மார் வசதிக்கு நடுவில கிளை விட்டு இழுத்திட்டினம், அதுவும் பம்ப் விஎஃப்டி பவர் கேபிள் போற அதே ட்ரேயில. பம்ப் ஸ்பீட் கூடேக்க எல்லாம் இரண்டு மாடி கொன்ட்ரோலர் ஓஃப்லைன் போகும், பிறகு தானா வரும், என்ன எண்டே விளங்காது. கம்பனி ஆக்கள் வந்து பாத்து கிளையை வெட்டி, ட்ரேயை மாத்தி, திருப்பி இழுத்துத் தந்தவை, எக்ஸ்ட்ரா காசு கேக்கேல்லை. ஆனா சீலிங் மூடின பிறகு திருப்பித் திறக்க வேண்டி வந்தது, டெனன்ட்மார் எங்களைத்தான் ஏசினவை. சப் கொன்ட்ராக்டரோட தங்கட சூப்பர்வைசர் ஒராள் நிண்டிருந்தா இது நடந்தே இராது.

ரூம் சென்சர் ஒண்டை ஃபோட்டோகொப்பி மெஷினுக்கு மேல அடிச்சதும் அந்த பாஸ்மார்தான். மெஷின் சூட்டுக்கு சென்சர் 28 காட்ட, அங்க இருந்த பிள்ளையள் சுவெட்டர் போட்டுக்கொண்டு இருந்ததுகள். அது கொமிஷனிங்ல பிடிபட்டது. மொட்டை மாடியில வெளி சென்சருக்கும் ஜங்ஷன் பொக்ஸுக்கும் சாதாரண இரும்பு ஆணி போட்டிருந்தவை, கடல் பக்கத்தில அது எவ்வளவு காலம் நிக்கும்? ஸ்டெயின்லெஸ் போடச் சொல்லி மாத்தினம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி பக்கம் பில்டிங் வைச்சிருக்கிற ஆக்கள் இதை ஸ்பெக்லயே எழுதுங்க.

கொமிஷனிங் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுத வெளிக்கிட்டது. நான் இதுக்கு முதல் வேலை செய்த இடங்களில கொமிஷனிங் எண்டா ஸ்க்ரீனில எல்லாம் பச்சையாத் தெரிஞ்சா சைன் பண்ணு எண்ட மாதிரித்தான். இவை பொயின்ட் டு பொயின்ட் எண்டு லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொரு பொயின்டையும், சாம்பிள் எடுத்தில்லை, எல்லாத்தையும் பாத்தவை. ஒராள் கம்பியூட்டர்ல, ஒராள் மெஷினுக்குப் பக்கத்தில, இரண்டு பேர் கையிலயும் போன். சென்சர் காட்டிறதை கலிப்ரேட் பண்ணின மீட்டரோட ஒப்பிடுவினம். ஃபேனை நிப்பாட்டினா மற்ற ஆள் உண்மையா நிண்டதா எண்டு கண்ணால பாத்துச் சொல்லுவார். வால்வுக்கு 0 வோல்ட் குடுத்து முழுக்க மூடுதா, 10 வோல்ட் குடுத்து முழுக்கத் திறக்குதா, இடையில 5ல பாதிக்கு நிக்குதா எண்டு பாத்தவை. அப்பிடிப் பாக்கேக்கதான் ஒரு மாடியில ஆக்சுவேட்டர் (வால்வைத் திருப்பிற மோட்டர்) தலைகீழா மாறிப் பூட்டியிருக்கிறது தெரிஞ்சது. ஸ்க்ரீனில 100 வீதம் திறந்திருக்கு, உண்மையில வால்வு மூடிக்கிடக்கு! இந்த டெஸ்ட் இல்லாட்டி சில்லர் சரியில்லை எண்டு சில்லர்காரனோட மாசக்கணக்கில சண்டை பிடிச்சிருப்பம்.

பிறகு லூப் டியூனிங், அதாவது டெம்பரேச்சர் தளம்பாம வந்து நிக்கிற மாதிரி கொன்ட்ரோலைச் சரி பண்ணிறது. வால்வு நிமிசத்துக்கு நிமிசம் திறந்து மூடிக்கொண்டு இருந்தா மோட்டர் கெதியாப் போயிடும், டெம்பரேச்சரும் ஏறி இறங்கும். ஒவ்வொரு ஏஎச்யூவுக்கும் செட் பொயின்டை மாத்தி எவ்வளவு கெதியா எவ்வளவு நிதானமா போய் நிக்குது எண்டு ட்ரெண்ட் கிராஃப் எடுத்து, அதை பிரின்ட் போட்டு எங்களுக்குக் காட்டினவை. ட்ரெண்ட் கிராஃப் இல்லாம ஒருத்தரும் கையெழுத்து வைக்காதேங்க, ஸ்க்ரீனில இப்ப 24 காட்டுது எண்டா அது இந்த நிமிசக் கதை, இரவு முழுக்க என்ன நடந்தது எண்டு கிராஃப்தான் சொல்லும்.

ஃபயர் டெஸ்ட் ஒரு சனிக்கிழமை, ஆக்கள் இல்லாத நேரம் வைச்சம். அலாரம் அடிச்சா ஏஎச்யூ எல்லாம் நிக்கோணும், படிக்கட்டுக்குள்ள புகை வராம காத்தைத் தள்ளிற பிரஷரைசேஷன் ஃபேன் ஓடோணும், லிஃப்ட் கீழ வந்து கதவு திறந்து நிக்கோணும். இதில நான் மனசாரப் பாராட்டிற விசயம், ஏஎச்யூவை நிப்பாட்டிறதை பிஎம்எஸ் சொஃப்ட்வேரை நம்பி விடேல்லை, ஃபயர் பனல்ல இருந்து நேரா ஸ்டார்டருக்கு வயர் போட்டிருக்கு, பிஎம்எஸ் பாத்துக்கொண்டு மட்டும் இருக்கும். சேர்வர் செத்துக் கிடந்தாலும் ஃபேன் நிக்கும். உயிர் சம்பந்தப்பட்ட விசயத்தில இப்பிடித்தான் இருக்கோணும்.

கரண்ட் போற டெஸ்டும் செய்தவை. 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின ஊர், இதைச் செய்யாம விட ஏலாது. மெயின் பிரேக்கரை ஓஃப் பண்ணி ஜெனரேட்டர் வரவிட்டுப் பாத்தம். எல்லா மோட்டரும் ஒரே நேரத்தில எழும்பினா ஜெனரேட்டர் ட்ரிப் ஆகும், அதால முதல் லிஃப்டும் தண்ணி பம்பும், பிறகு ஏஎச்யூ ஒவ்வொண்டா இடைவெளி விட்டு, சில்லர் கடைசியா. கொன்ட்ரோலருக்கும் சேர்வருக்கும் யூபிஎஸ் போட்டதால அந்த இடைவெளியில பிஎம்எஸ் கண் மூடேல்லை. திரும்ப மெயின் கரண்ட் வரேக்கயும் அதே வரிசை.

பில்லில குறைஞ்சதும் தெரியுது. எங்களுக்கு யூனிட்டோட சேத்து மக்சிமம் டிமாண்ட் கேவிஏக்கும் (மாசத்தில ஒரே நேரத்தில இழுத்த ஆகக் கூடின லோட்) காசு, பின்னேரம் 6.30ல இருந்து 10.30 வரைக்கும் பீக் ரேட். காலமை எல்லாத்தையும் ஒரே நேரத்தில போடாம படிப்படியா எழுப்பிறதால டிமாண்ட் இறங்கினது, 6 மணிக்குப் பிறகு ஆள் இல்லாத மாடியில ஏசி தானா நிக்கிறதால பீக் யூனிட்டும் குறைஞ்சது. முந்தி செக்யூரிட்டி ஐயா ஒவ்வொரு மாடியா ஏறி ஓஃப் பண்ணுவார், மறந்தா விடிய விடிய ஓடும்.

கையளிக்கேக்க திரும்பவும் எரிச்சல். ஃபைல் தந்தவை, வடிவா பைண்ட் பண்ணி, ஆனா அட்மின் பாஸ்வேர்ட் தரேல்லை, புரோகிராம் பேக்கப் தரேல்லை, இஞ்சினியரிங் சொஃப்ட்வேர் லைசன்ஸ் ஆரின்ர பேரில எண்டும் சொல்லேல்லை. கேட்டா மெயின்டனன்ஸ் அக்ரிமென்ட் போட்டா நாங்களே பாப்பம்தானே சேர் எண்டினம். காசு குடுத்தது நாங்கள், பில்டிங் எங்கட, சாவி மட்டும் அவையிட்ட எண்டா எப்பிடி? ரிட்டென்ஷன் காசை (வேலை சரியா முடியும் வரைக்கும் பிடிச்சு வைக்கிற பங்கு) விடமாட்டம் எண்டு கடிதம் போட்ட பிறகுதான் எல்லாம் வந்தது. டெண்டரிலயே பாஸ்வேர்ட், பேக்கப், லைசன்ஸ் மூண்டும் ஓனரின்ர பேரில எண்டு எழுதி வைச்சா இந்த இழுபறி வராது. ட்ரெயினிங் ஒரு பின்னேரம், முழுக்க இங்கிலீஷ் ஸ்லைட். நைட் ஷிஃப்ட் ஒப்பரேட்டர்மாருக்கு விளங்காது எண்டு சொல்லி, அந்த இஞ்சினியர் பிள்ளையையே திருப்பிக் கூப்பிட்டு, பிளான்ட் ரூமில வைச்சு அலாரம் வந்தா என்ன செய்யிறது எண்டு இரண்டு பாசையிலயும் சொல்லவைச்சம். அவ ஒரு ஷீட்டும் எழுதி ஒட்டிட்டுப் போனவ, அதைப் பாத்துத்தான் இப்பவும் பெடியள் வேலை செய்யிறாங்கள்.

டிஃபெக்ட் பீரியட் (குறை வந்தா அவையே திருத்தித் தரவேண்டிய காலம்) இன்னும் ஓடுது. கோல் பண்ணினா அண்டைக்கே ஆள் வருது, இதுவரைக்கும் அதில குறை சொல்ல ஏலாது. வருச மெயின்டனன்ஸுக்கு அவை கேட்ட விலை கூட, அதுக்குள்ள சென்சர் கலிப்ரேஷன் எத்தினை தரம், ஸ்பெயார் பார்ட்ஸ் சேருமா எண்டதெல்லாம் எழுத்தில கேட்டிருக்கிறன், பதில் வந்த பிறகு இதிலயே கீழ சேத்து விடுறன். கொழும்புக்குள்ள ஆராவது ஏஎம்சி (வருச மெயின்டனன்ஸ் அக்ரிமென்ட்) போட்டிருந்தா என்ன என்ன சேத்திருக்கினம் எண்டு கொமன்ட்ல போடுங்க, பேசேக்க உதவும்.