படலத்தை ஒளிப்பதா, ஒழிப்பதா: மாடல்களுக்கான டெக்கால் வகைகள்

சாதாரண ஸ்டிக்கர் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. அதை நிஜத்தில் 72-இல் ஒரு பங்கான 1/72 அளவு மாடல் விமானத்தில் ஒட்டினால், நிஜ விமானத்தின் இறக்கையில் 7 மி.மீ. பலகையை அறைந்ததற்குச் சமம். 1/144 என்றால் 14 மி.மீ.க்கும் மேல். நிஜத்தில் அங்கே இருந்தது ஒரு பூச்சு பெயின்ட் மட்டும்தான். மாடலில் சின்னமும் எழுத்தும் பதிக்கிற டெக்கால் வேலைக்கு ஸ்டிக்கர், வாட்டர்ஸ்லைடு, ட்ரை டிரான்ஸ்ஃபர், மாஸ்க் என்று எதை எடுத்தாலும் நம் மல்லுக்கட்டு இந்தத் தடிமனோடும், எழுத்தைச் சுமந்து வரும் அந்த நிறமற்ற படலத்தோடும்தான்.

ஸ்டிக்கரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பண்டாய் நிறுவனத்தின் ஹெச்ஜி வரிசை கண்டம் (Gundam) ரோபோ கிட்களில் வரும் பளபளப்பு ஸ்டிக்கர், ரோபோவின் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். வெளிச்சம் பட்டால் மின்னும். மற்ற இடங்களில் விளிம்பு தனியாகத் தெரியும், வளைவில் மடங்கும். கண்ணை மட்டும் ஒட்டிவிட்டு மீதியைப் பெட்டியில் போடுவது என் வழக்கம்.

தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்டும் வாட்டர்ஸ்லைடுதான் இன்றைக்கும் ராஜா. ஆனால் தாளுக்குத் தாள் தரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வாங்கியதும் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். படலம் அச்சுக்கு எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அப்புறம் விமானப்படை வட்டச் சின்னங்களின் சிவப்புப் பொட்டு நட்டநடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சு அரை மி.மீ. விலகினாலும் பிறை வடிவில் வெள்ளை எட்டிப்பார்க்கும், பிறகு கண் வேறெங்கும் போகாது. மூன்றாவது, வெள்ளையின் அடர்த்தி. இது தாளில் தெரியாது. கரும்பச்சை மேல் ஒட்டியதும் வெள்ளை சாம்பலாக மாறும்போதுதான் தெரியும்.

இந்த மூன்றிலும் இத்தாலியின் கார்ட்டோகிராஃப் நிறுவன அச்சு நம்பகமானது. சில்க் ஸ்கிரீன் அச்சு, இறுக்கமான படலம், லென்ஸ் வைத்தால் படிக்க முடிகிற பொடி எழுத்து. கிட் தயாரிக்கும் டாமியாவின் சொந்தத் தாள்கள் பெரும்பாலும் கொஞ்சம் தடிமன். ஆனால் அதிலும் ஒரு நன்மை உண்டு: சுருண்டாலும் கிழியாது, புதியவர் கைக்கு அடங்கும். மெல்லிய தாள் தண்ணீரிலேயே தன்மேல் மடங்கிக்கொண்டால், பிரித்தெடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

செக் நாட்டு எட்வார்ட் நிறுவனம் வேறு வழியில் போயிருக்கிறது. அவர்கள் சொந்தமாக அச்சிடும் தாள்களில், ஒட்டி நன்கு காய்ந்த பிறகு மேல்படலத்தை மட்டும் உரித்துவிடலாம். மாடலில் மை மட்டும் தங்கும். முதல்முறை உரிக்கும்போது எழுத்தும் கூடவே வந்துவிடுமோ என்று கை நடுங்கும், அவ்வளவுதான்.

எந்தத் தாளானாலும் அடியில் இருக்கும் பரப்பு சரியில்லை என்றால் ஒன்றும் நிற்காது. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் நமக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் டெக்காலுக்கு அது கரடுமுரடு. பள்ளங்களில் காற்று சிக்கி, படலம் வெள்ளி பூத்தாற்போல் மின்னும். இதைத்தான் சில்வரிங் என்கிறோம். முதலில் பளபளப்புப் பூச்சான கிளாஸ் கோட், அதன்மேல் டெக்கால், கடைசியில் மேட் கோட். இந்த வரிசையை அவசரத்தில் தாண்டி ஒருமுறை 1/72 ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்றைக் கெடுத்தேன். ஈரத்தில் அருமையாக இருந்த எழுத்துகளைச் சுற்றி, காலையில் பார்த்தால் பளபளவென்று சட்டம் கட்டியிருந்தது. ஊசியால் குத்தி, துளை வழியே டெக்காலை இளக்கும் மைக்ரோ சால் திரவத்தை விட்டு, நாலு தடவை திரும்பத் திரும்பச் செய்து பாதியை மீட்டேன்.

திரவங்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மைக்ரோ செட் ஒட்டுவதற்கு முன், பரப்பின் மேல். வினிகர் வாடை அடிக்கும், வேலை மென்மையாக இருக்கும். மைக்ரோ சால் ஒட்டிய பின், டெக்காலின் மேல். அது படலத்தையே இளக்கி, பேனல் கோடுகளுக்குள்ளும் ரிவெட் தலைகள் மேலும் படிய வைக்கும். போட்ட சில நிமிடங்களில் டெக்கால் கிழவியின் கை மாதிரி சுருங்கும். அப்போது தொட்டால் போச்சு. விட்டுவிட்டால் காயும்போது தானாகவே இழுத்துப் படிந்துவிடும்.

ட்ரை டிரான்ஸ்ஃபரில் படலமே கிடையாது. தாளின் முதுகில் தேய்த்தால் எழுத்து மட்டும் இறங்கும், சில்வரிங் என்ற பேச்சே இல்லை. தட்டையான பரப்பில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் இறங்கியது இறங்கியதுதான், ஒரு மி.மீ. நகர்த்த முடியாது. வளைவிலும் மேடுபள்ளத்திலும் பாதி எழுத்து தாளோடு போய்விடும். பழைய தாளில் பசை காய்ந்திருக்கும். ஒரு குறுக்குவழி உண்டு: வெற்று டெக்கால் தாளில் தேய்த்து இறக்கி, அதை வாட்டர்ஸ்லைடாக ஒட்டலாம். ஆனால் எந்தப் படலத்துக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்தோமோ, அதுவே திரும்பி வந்துவிடும்.

வடிவம் வெட்டிய மறைப்பான மாஸ்க்கை வைத்து, பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் அடிப்பதுதான் நிஜத்துக்கு மிக அருகில். பெரிய வட்டங்கள், குறியீட்டு எழுத்துகளுக்கு நான் இப்போது இதைத்தான் நாடுகிறேன். மாஸ்க் ஒட்டியதும் விளிம்பில் முதலில் அடிநிறத்தையே லேசாக அடித்துவிட்டால், அடுத்த நிறம் உள்ளே கசியாது. 1/35 ஜெர்மன் டாங்கிகளில், காந்தக் கண்ணிவெடிக்கு எதிராக 1943 முதல் 1944 வரை பூசிய சிம்மரிட் என்ற பூச்சு வரிவரியாக இருக்கும். அதன்மேல் ட்ரை டிரான்ஸ்ஃபர் நொறுங்கும், வாட்டர்ஸ்லைடு படிவதற்குள் நமக்கு நரை விழும். அங்கே மாஸ்க்கும் தூரிகையும்தான் கதி. மறுபக்கம், "இங்கே மிதிக்காதே" போன்ற பொடி எழுத்துகளை மாஸ்க்கில் வெட்டவே முடியாது.

வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிடலாமே என்பார்கள். அச்சிடலாம், ஆனால் அதில் வெள்ளை மை இல்லை. வெளிர் நிறப் பரப்பில் கறுப்பு எண்கள் வேண்டுமானால் சரி. தண்ணீரில் போடும் முன் மேலே நிறமற்ற கிளியர் பூச்சு அடிக்காவிட்டால் மை கரைந்து ஓடிவிடும்.

இப்போது மேசையில் இருக்கும் 1/48 விமானத்துக்கு வட்டங்கள் மாஸ்க்கில், பொடி எழுத்துகள் தாளில் என்று முடிவு செய்திருக்கிறேன். தாளில் மீந்த வட்டங்களை எறியப் போவதில்லை. கிளாஸ் கோட் அடித்த பழைய இறக்கை ஒன்றில் முதலில் அவற்றை ஒட்டி, இந்தத் தாள் எந்தத் திரவத்துக்கு இளகுகிறது, எதற்குக் கரைகிறது என்று பார்த்துக்கொள்வேன்.