ஆங்கிலம் வாசிக்க எந்த வழி: ஒப்பிப்பதா, தமிழில் எழுதிக்கொள்வதா, ஒலியைப் பிடிப்பதா?

சேலத்தில் அஸ்தம்பட்டி, அழகாபுரம் பக்கம் தெருவுக்குத் தெரு ஃபோனிக்ஸ் (ஒலிமுறை) வகுப்புப் பலகை தொங்குகிறது. ஏற்காடு மலையேறி நாகலூர்ப் பக்கம் போனால், காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் ‘சி-ஏ-டி கேட்’ என்று ராகம் போட்டு ஒப்பிப்பதைக் கேட்கலாம். பெற்றோரின் கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: எது நல்ல வழி? வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பிள்ளையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒப்பிக்கும் முறைக்குச் செலவில்லை, ஆசிரியருக்கும் சிரமமில்லை. ஆனால் சி, ஏ, டி என்ற மூன்று பெயர்களையும் வேகமாகச் சேர்த்தால் ‘சியேட்டி’ வருமே ஒழிய ‘கேட்’ வராது. தமிழில் ‘ம’ என்ற எழுத்தின் பெயரே அதன் ஒலி. டபிள்யூ என்ற பெயரில் ‘வ்’ எங்கே இருக்கிறது? ஒப்பித்த சொல்லைப் பிழையின்றி எழுதும் பிள்ளை, ஒப்பிக்காத சொல்லைக் கண்டதும் நின்றுவிடுகிறது. டிக்டேஷனில் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டுப் புதுப் பாடத்தின் முதல் வரியிலேயே திணறுவது இதனால்தான். சொல்லின் உருவத்தை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான்: குதிரைக்கான ஹார்ஸும் வீட்டுக்கான ஹவுஸும் ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன.

இரண்டாவது, ஆங்கிலச் சொல்லின் கீழே பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வது. பெற்றோருக்கு மிகவும் பிடித்த வழி இது. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழியும் இதுவே. பூனையும் கேட், வாசலில் இருக்கும் இரும்புக் கதவும் கேட். தலையில் வைக்கும் தொப்பி, வாடகைக் கார், இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி, மூன்றும் கேப்! கல், அகல், தங்கம் ஆகிய சொற்களில் ‘க’ மூன்று விதமாக ஒலித்தாலும், அது நிற்கும் இடத்தை வைத்து நாம் தானாகவே சரியாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் எழுதிய மறுகணமே அந்த வேறுபாடு அழிந்துவிடுகிறது. (இந்தக் கட்டுரையிலேயே பாருங்கள், நான் ‘டி’ என்று எழுதினால் அது டேபிளின் முதலெழுத்தா, டாக்டரின் முதலெழுத்தா என்று உங்களால் சொல்ல முடியாது.) போதாததற்கு, கீழே தமிழ் இருந்தால் பிள்ளையின் கண் மேலே ஏறுவதே இல்லை.

மூன்றாவது ஒலிமுறை. ஆங்கிலத்துக்கு எழுத்து 26, ஒலிகளோ ஏறத்தாழ 44. எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லி, ஒலிகளைக் கோத்துச் சொல்லாக்குவதுதான் இந்த முறை. இதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு முன்னிலை உண்டு. க் + அ = க என்று உயிர்மெய் அட்டவணை படித்த பிள்ளைக்குப் புள்ளி வைத்த எழுத்தை எப்படி ஒலிப்பது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தடுமாற்றம் வேறிடத்தில்: கேட் ‘கேட்டு’ ஆகும், பஸ் ‘பஸ்ஸு’ ஆகும். பென்னின் முதல் ஒலிக்கும் பஸ்ஸின் முதல் ஒலிக்கும் வேறுபாடு தெரியாமல் குழம்பினால், தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பஸ்ஸுக்குத்தான் அங்கே அதிரும்.

விதிகளும் நாம் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை. சி-க்குப் பின்னால் இ, ஐ, ஒய் வந்தால் பெரும்பாலும் ‘ஸ்’, மற்றபடி ‘க்’. இடம் பார்த்து ஒலிப்பது நமக்குப் புதிதா என்ன? சொல்லின் கடைசியில் ஓசையில்லாத இ வந்து ஒட்டிக்கொண்டால் கிட் கைட் ஆகும், நாட் நோட் ஆகும். அதாவது நடுவிலிருக்கும் உயிர் தன் பெயரையே ஒலிக்கத் தொடங்குகிறது.

அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் இந்த முறைக்கு ஆதரவாக அறிக்கை தந்தது. இங்கிலாந்தில் 2012 முதல் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொற்களைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அவற்றில் பாதி பொருளே இல்லாத போலிச் சொற்கள். மனப்பாடம் அங்கே உதவாது.

ஆனால் அந்த முடிவுகளை அப்படியே ஏற்காட்டுக்குத் தூக்கி வர முடியாது. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை ஒலிகளைக் கோத்து ஒரு சொல்லைச் சொன்னதும் ‘ஓ, இதுவா!’ என்று பொருளையும் பிடித்துக்கொள்ளும். நம் பிள்ளைக்கு அது வெறும் சத்தம். விலையுயர்ந்த ஃபோனிக்ஸ் அட்டைகளில் நரியும் பன்றியும் ஆங்கிலப் பெயரோடு வருவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. பஸ், பென், பேக், கப், ஃபேன், வேன், பின், ஜக், பெட், நெட் எல்லாம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். அத்தனையும் விதிக்கு அடங்கிய குறுஞ்சொற்கள். அங்கிருந்து தொடங்கினால் முதல் வாரத்திலேயே பொருளோடு வாசிக்கும்.

ஒலிமுறைக்கும் எல்லை உண்டு. ‘இருமல்’ என்ற பொருளில் வரும் காஃப், ‘வழியாக’ என்ற பொருளில் வரும் த்ரூ இரண்டின் கடைசி நான்கு எழுத்துகளும் ஒன்றே. காக்ஸ்டன் என்பவர் 1476இல் அச்சுக்கூடத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல நிலைபெற்றது. உச்சரிப்போ மாறிக்கொண்டே போனது. கத்தியைக் குறிக்கும் நைஃப் என்ற சொல்லின் முதலில் நிற்கும் கே ஒரு காலத்தில் வாயிலும் ஒலித்ததுதான். இப்படிப்பட்ட சொற்களையும் ஒன், வாஸ், ‘சொன்னார்’ என்ற பொருளில் வரும் செட் போல அன்றாடம் வருபவற்றையும் ஒப்பித்தே தீர வேண்டும். பழைய ராகம் அங்கே தாராளமாக வரட்டும். ஊர்ப்பெயர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பஸ் பலகையில் ஆங்கிலத்தில் இருக்கும் ஏற்காட்டை விதிப்படி வாசித்தால் ‘யெர்கோட்’ என்றுதான் வரும்.

பணம் கட்டித்தான் சேர்ப்பேன் என்கிறவர்கள், கட்டும் முன் வகுப்பு நடத்துபவரிடம் பென்னின் முதல் ஒலியைச் சொல்லச் சொல்லுங்கள். ‘ப்’ என்று நிறுத்தாமல் ‘ப’ என்று இழுத்தால் வேறு இடம் பாருங்கள். சில மாதம் கழித்து, பொருளில்லாத மூன்றெழுத்துச் சொல் ஒன்றை நீங்களே எழுதிப் பிள்ளையிடம் காட்டுங்கள்.